நாட்டுப்பண்ணின்போது மண்டியிடுதல்: கேப்பர்னிக் எதிர்ப்பும் ஒற்றுமையின் பெயரால் நடந்ததும்

வைகைக்கரை எழுதியது:

நாட்டுப்பண் ஒலிக்கும் நேரத்தில் விளையாட்டு வீரர்கள் எதிர்ப்பைக் காட்டினால் தேச ஒற்றுமை குலைகிறதா என்ற கேள்வி இங்கே பலமுறை வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொடிக்கு மரியாதையா அவமரியாதையா என்ற ஒரே இடத்தில் பேச்சு முட்டி நின்றுவிடுகிறது. அதனால் அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக்கின் விவகாரத்தை நடந்த வரிசையிலேயே எடுத்து வைக்கிறேன்.

2016 ஜூலை 5 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஆல்டன் ஸ்டெர்லிங்கும், மறுநாள் மின்னசோட்டாவில் காரை மறித்துச் சோதித்தபோது ஃபிலாண்டோ காஸ்டீலும் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவரும் கறுப்பினத்தவர். அதற்கு அடுத்த நாள் டாலஸில் ஒரு துப்பாக்கிக்காரன் ஐந்து போலீசாரைக் கொன்றான். நாடு இப்படிக் கொதித்துக் கிடந்த ஆகஸ்டில்தான், சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவராக) இருந்த கேப்பர்னிக், பருவம் தொடங்குமுன் நடக்கும் ஆட்டங்களில் நாட்டுப்பண்ணுக்கு எழாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆகஸ்ட் 26 அன்று கிரீன் பே அணியுடன் ஆடி முடித்த பிறகு ஒரு செய்தியாளர் கேட்டார். கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமை செய்ய எழமாட்டேன் என்று அவர் பதில் சொன்னார்.

அடுத்து நடந்ததைப் பலரும் மறந்துவிட்டார்கள். அமெரிக்கத் தரைப்படையின் கிரீன் பெரே சிறப்புப் பிரிவில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றி, பிறகு கால்பந்துக்கு வந்த நேட் பாயர், தமக்கு அந்தச் செயல் வேதனை தந்ததாகவும் ஆனாலும் கேட்கத் தயாராக இருப்பதாகவும் கேப்பர்னிக்குக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கேப்பர்னிக் அவரைச் சந்திக்க அழைத்தார். சான் டியேகோவில் இருவரும் பேசினார்கள். தனியாகப் பெஞ்சில் உட்காருவதைவிடச் சக வீரர்களின் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றி அமர்வது மேல் என்றும், இறந்த தோழனின் கல்லறைமுன் சிப்பாய்களும் அப்படித்தான் அமர்வார்கள் என்றும் பாயர் சொன்னார். செப்டம்பர் 1 அன்று, படைவீரர்களைச் சிறப்பிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஆட்டத்தில், கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். பாயர் பக்கத்தில் நெஞ்சில் கைவைத்து நின்றார்.

இந்த வரலாறு முழுவதிலும் தேச ஒற்றுமை என்று சொல்லத்தக்கது அந்தச் சந்திப்பு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இருவரும் உடன்படவில்லை, ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் வாங்கித் தம் செயலை மாற்றிக்கொண்டார். ஓராண்டு கழித்து அணி உரிமையாளர்கள் கைகோத்து நின்று ஒற்றுமை என்று முழங்கியபோதோ, போலீஸ் வன்முறை என்ற மூலக் கேள்வியே மேடையிலிருந்து இறக்கப்பட்டுவிட்டது. எதிர்ப்பு ஒற்றுமையைக் குலைத்தது என்பதைவிட, ஒற்றுமை என்ற பேச்சு எதிர்ப்பைக் கரைத்தது என்பதே என் வாதம்.

முன்னாள் சிப்பாய் எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். நிதானமாகத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வாதம் ஒரு படியைத் தாண்டிப் போகிறது.

நான் நம் நாட்டுப் படையில் இருந்தவன். இன்னொரு நாட்டின் கொடியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிடலாம். இருந்தாலும் சீருடை போட்டவனுக்கு ஒன்று புரியும். அமெரிக்காவில் போரில் இறந்த சிப்பாயின் குடும்பத்துக்கு, சவப்பெட்டியின்மேல் போர்த்திய கொடியை முக்கோணமாக மடித்துக் கையில் தருகிறார்கள். அந்தத் தாய்க்குக் கொடி என்பது அரசாங்கமும் அல்ல, போலீசும் அல்ல. மகனுடையதாக மிஞ்சியது அதுதான். அந்தத் தாயும் அரங்கில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை எதிர்ப்பவர் கணக்கில் எடுக்க வேண்டாமா?

கட்சி, நிறம், மதம் எல்லாவற்றாலும் பிரிந்து கிடக்கும் மக்கள் சேர்ந்து செய்வதற்கு மிகச் சில காரியங்களே இருக்கின்றன. அதில் ஒன்று, சுமார் இரண்டு நிமிடம் எழுந்து நிற்பது. இன்று போலீஸ் வன்முறைக்காக ஒருவர் மண்டியிட்டால், நாளை கருக்கலைப்பை எதிர்ப்பவரும் அதற்கடுத்த நாள் துப்பாக்கிச் சட்டத்தை எதிர்ப்பவரும் அதே இடத்தைக் கேட்பார்கள். யாரையும் மறுக்க நியாயம் இருக்காது. கேப்பர்னிக்கிடம் ஊடகம் இருந்தது, பணம் இருந்தது, நாளின் மற்ற நேரமெல்லாம் இருந்தது. மேலும் அந்த ஆகஸ்டில் போலீசாரைப் பன்றிகளாகச் சித்தரிக்கும் காலுறைகளைப் பயிற்சியின்போது அவர் அணிந்திருந்த படங்கள் வெளிவந்தன. அந்த ஆண்டுத் தேர்தலில் தாம் வாக்களிக்கவில்லை என்றும் சொன்னார். உரையாடலைத் தொடங்க விரும்பியவர் செய்யும் காரியமா இவை?

நியூஜெர்சி வாசி எழுதியது:

ஐயா சொல்லும் அந்தத் தாயின் உணர்வை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த இரண்டு நிமிடம் மக்கள் தாமாகச் சேர்ந்து உருவாக்கிக்கொண்டது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். இங்கே பல ஆண்டுகளாக ஆட்டங்களுக்குப் போய்வருபவன் என்ற முறையில், அந்தச் சடங்கு எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம் என்கிறேன்.

பாடலை ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதியது 1814இல், பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டையை ஆங்கிலேயர் தாக்கியபோது. அவரே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். இன்று யாரும் பாடாத மூன்றாவது பத்தியில், கூலியாளுக்கும் அடிமைக்கும் புகலிடம் இல்லை என்ற பொருள்பட ஓர் அடி வருகிறது. விளையாட்டுக்குள் அந்தப் பாடல் பெரிய அளவில் நுழைந்தது முதல் உலகப் போரின் காலத்தில். 1918 பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், சிகாகோவில், ஏழாவது சுற்றின் இடைவேளையில் பேண்டு வாசிக்க, களத்தில் இருந்தவர்களும் கூட்டமும் எழுந்து பாடியது பெரிய செய்தியானது. நாடாளுமன்றம் அதை நாட்டுப்பண்ணாக அறிவித்ததே அதற்குப் பிறகு, 1931இல்தான். எல்லா ஆட்டங்களிலும் பாடும் வழக்கம் இரண்டாம் உலகப் போரின்போது நிலைபெற்றது.

இன்னும் அண்மைக்கு வாருங்கள். கேப்பர்னிக் ஆடிய தொழில்முறைப் போட்டி அமைப்பான நேஷனல் ஃபுட்பால் லீகில் இரவுநேரத் தொலைக்காட்சி ஆட்டங்களின் நாட்டுப்பண்ணுக்கு வீரர்கள் களத்தில் வந்து நிற்கும் முறை 2009இல்தான் வந்தது. அதற்கு முன் ஒளிபரப்பு நேரத்தின் வசதிக்காக அவர்கள் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிடுவார்கள். 2015இல் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃபிளேக்கும் வெளியிட்ட அறிக்கை, படைவீரர்களைக் களத்தில் கௌரவிக்கும் காட்சிகளுக்காகப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்கு 68 லட்சம் டாலர் கொடுத்திருந்ததை அம்பலப்படுத்தியது. மெக்கெய்ன் வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர். அவருக்கே அது அருவருப்பாகப் பட்டது. மறு ஆண்டு அந்த லீக் ஏழு லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. அரசியலை விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர் கேப்பர்னிக் என்று சொல்வோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். வீரர்களை அந்தக் காட்சியில் நிறுத்தியவர்கள் வேறு. அவர்களில் ஒருவர் நிற்கும் விதத்தை மாற்றியபோதுதான் அது அரசியலாகத் தெரிந்தது.

சட்டம் பயில்பவள் எழுதியது:

சட்டத்தின் பக்கத்தில் இரண்டு செய்திகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கே அவை கலந்துவிடும் போலிருக்கிறது.

அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியுமா என்பது முதலாவது. 1940இல் மைனர்ஸ்வில் வழக்கில், கொடிவணக்கம் செய்ய மறுத்த ஜெஹோவாவின் சாட்சிகள் சமயப் பிரிவுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தேசப் பாதுகாப்புக்கு அடிப்படை தேச ஒற்றுமையே என்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் அதில் எழுதினார். தீர்ப்பு வந்த பிறகு பல ஊர்களில் கும்பல்கள் அந்தப் பிரிவினரைத் தாக்கின. அவர்களுடைய வழிபாட்டுக் கூடங்கள் கொளுத்தப்பட்டன. ஒற்றுமைக்காகச் சொல்லப்பட்ட தீர்ப்பின் உடனடி விளைவு இதுதான். மூன்றே ஆண்டுகளில், நாடு உலகப் போரின் நடுவில் இருந்தபோதே, 1943 ஜூன் 14 அன்று பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. கருத்தைக் கட்டாயத்தால் ஒன்றாக்கினால் கிடைப்பது கல்லறையின் ஒருமனம்தான் என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். அந்த ஜூன் 14 அமெரிக்காவில் கொடிநாள்.

நம் உச்ச நீதிமன்றம் 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் இந்த அமெரிக்கத் தீர்ப்புகளை எடுத்துப் பேசியது. கேரளத்தில் அதே சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றும் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். நீக்கியது தவறு என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார். ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள் என்பது அத்தீர்ப்பில் முக்கியமான இடம் பெறுகிறது. ஆகவே மண்டியிடுவதற்கு அதை நேரடித் துணையாகக் கொள்ள முடியாது.

இரண்டாவது, வேலை கொடுத்தவர் கட்டாயப்படுத்தலாமா என்பது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது; தனியார் லீகை அல்ல. கொடியைப் பற்றிய சட்டம் எழுந்து நிற்க வேண்டும் என்கிறதே தவிர, தண்டனை எதையும் வைக்கவில்லை. எனவே கேப்பர்னிக் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, அவருக்கு வேலை தராத அணிகள் அவருடைய பேச்சுரிமையையும் மீறவில்லை என்ற விசித்திரமான நிலை. இதற்கு நடுவில், 2017இல் அதிபர் டிரம்ப் செய்தது போல நாட்டின் தலைவரே மேடையேறி, இப்படிப்பட்டவர்களை வேலையை விட்டு நீக்குங்கள் என்று முதலாளிகளிடம் சொல்லும்போது, அது தனியார் விவகாரமாகவே இருக்கிறதா என்பது எனக்கு இன்னும் தெளியாத கேள்வி.

கொங்கு வணிகன் எழுதியது:

நான் தொழில் நடத்துபவன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 பருவத்தில் ஃபார்ட்டி நைனர்ஸ் அணி ஆடிய பதினாறில் இரண்டு ஆட்டங்களில்தான் வென்றது. கேப்பர்னிக் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய பதினொன்றில் ஒன்றே ஒன்று. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து விலகியது அவரே. தோல்விக்குப் பேர்போன ஓர் ஆட்டக்காரரை, பாதி வாடிக்கையாளர்கள் வெறுக்கும் நிலையில், எந்த முதலாளி எடுப்பார்? இதில் கொள்கை எங்கே வந்தது? அவருக்கும் இழப்பு ஒன்றும் பெரிதில்லை. 2018இல் நைக்கி அவர் முகத்தை வைத்து விளம்பரம் செய்தது.

வைகைக்கரை எழுதியது:

கொங்கு வணிகன் அவர்களே, அதே பருவத்தில் அவர் டச்டவுன் எனப்படும் புள்ளிகளைப் பெற்றுத்தந்த பதினாறு பந்துகளை வீசி, நான்கை மட்டுமே எதிரணியிடம் இழந்தார். அந்த எண்களைவிடக் குறைவாக ஆடிய பலர் மாற்று ஆட்டக்காரர்களாகவாவது வேலை பெற்றார்கள். உரிமையாளர்கள் கூடிப்பேசித் தம்மை ஒதுக்கினார்கள் என்று அவர் 2017 அக்டோபரில் தொடுத்த முறையீட்டை, 2019 பிப்ரவரியில் லீக் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை. ஆனால் வெறும் ஆட்டத்திறன் விவகாரம் என்று சொல்வதும் இனி எளிதல்ல. விளம்பரத்தில் முகம் வந்ததும், 2017 புத்தாண்டு நாளுக்குப் பிறகு அவர் ஒரு லீக் ஆட்டமும் ஆடவில்லை என்பதும் ஒரே மனிதருக்கு நடந்தவை.

ஐயா கேட்ட பன்றிக் காலுறைகளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மோசமான செயல். அதே வேளையில், அடித்தட்டு அமைப்புகளுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி, அதைச் சொன்னபடி கொடுத்து முடித்தவரும் அவரே.

இனி என் வாதத்தின் மையமான 2017 செப்டம்பருக்கு வருகிறேன். அப்போது கேப்பர்னிக் களத்தில் இல்லை. மண்டியிடுவோர் ஒருசிலரே எஞ்சியிருந்தார்கள். செப்டம்பர் 22 அன்று அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் கூட்டத்தில் அதிபர் டிரம்ப், கொடியை அவமதிப்பவனைத் தாயைப் பழிக்கும் வசையால் குறிப்பிட்டு, அவனைக் களத்திலிருந்து துரத்துங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஜாக்சன்வில் உரிமையாளர் ஷாகித் கான் வீரர்களோடு கைகோத்து நின்றார். டிரம்பின் பதவியேற்பு விழாவுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தவர் அவர். நாஷ்வில் நகரில் இரண்டு அணிகளுமே நாட்டுப்பண் முடியும்வரை களத்துக்கு வரவில்லை.

பார்வைக்கு அது எதிர்ப்பின் உச்சம். உண்மையில் அன்று எதிர்த்தது எதை? அதிபரின் வசையை. ஸ்டெர்லிங்கும் காஸ்டீலும் அன்று யார் வாயிலும் இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அதே உரிமையாளர்கள் கூடி, களத்தில் இருப்பவர் எழுந்தே நிற்க வேண்டும், மறுப்பவர் அறைக்குள் இருந்துகொள்ளலாம், மீறினால் அணிக்கு அபராதம் என்று விதி செய்தார்கள். வீரர்கள் சங்கம் எதிர்த்ததால் ஜூலையில் அது நிறுத்திவைக்கப்பட்டது. கைகோத்து நின்றவர்களின் ஒற்றுமை எட்டு மாதம் தாங்கியது.

பழைய ஓட்டக்காரன் எழுதியது:

தடகளத்தில் இருந்தவன் என்பதால் 1968ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெக்சிகோ ஒலிம்பிக்கில் இருநூறு மீட்டரை 19.83 விநாடியில் ஓடி டாமி ஸ்மித் தங்கம் வென்றார். அவரும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோசும் காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு மேடையேறி, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தித் தலைகுனிந்து நின்றார்கள். அன்று அந்தப் பண் ஒலித்ததே ஸ்மித் ஓடி வென்றதால்தான். இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு, ஒலிம்பிக் கிராமத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

வெள்ளி வென்ற பீட்டர் நார்மன் ஆஸ்திரேலியர், வெள்ளையர். கார்லோஸ் தம் கையுறைகளை மறந்துவிட்டதால் ஒரே இணையை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை நார்மனுடையது. மனித உரிமை வில்லையைத் தாமும் நெஞ்சில் குத்திக்கொண்டார். 1972 மியூனிக் போட்டிக்கு அவர் அனுப்பப்படவில்லை. அதற்குக் காரணம் இதுதானா என்பதில் அவர்கள் நாட்டில் இன்றும் சர்ச்சை உண்டு. 2006இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோசும் இருந்தார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2012இல் மன்னிப்புக் கேட்டது.

கூடைப்பந்தில் மஹ்மூத் அப்துல்-ரவூஃப் 1996இல் எழ மறுத்தார். ஓர் ஆட்டத் தடைக்குப் பிறகு, எழுந்து நின்று கண்மூடிப் பிரார்த்திக்கலாம் என்ற சமரசம் எட்டப்பட்டது. அவர் டென்வர் அணியில் முதல்நிலைப் புள்ளி சேர்ப்பாளர். அந்தப் பருவம் முடிந்ததும் வேறு அணிக்குக் கைமாற்றப்பட்டார். சமரசத்துக்கு உடன்பட்டவரையும் அது காப்பாற்றவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்படிப்பட்ட வாதங்களில் நாட்டை மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். 2022 உலகக் கோப்பைக் கால்பந்தில் (சாக்கரில்) இங்கிலாந்துடன் ஆடுமுன் ஈரான் வீரர்கள் தங்கள் நாட்டுப்பண்ணைப் பாடாமல் வாய்மூடி நின்றார்கள்; வேல்ஸ் அணியுடனான அடுத்த ஆட்டத்தில் பாடினார்கள். அந்த மௌனத்தைத் துணிவு என்று உலகமே பாராட்டியது. கேப்பர்னிக்கைத் துரோகி என்றவர்களும் அந்தப் பாராட்டில் சேர்ந்துகொண்டதை என் கண்ணால் படித்தேன். பண்ணின் புனிதம் யாருடைய பண் என்பதைப் பொறுத்து மாறுமானால், நாம் பேசிக்கொண்டிருப்பது புனிதத்தைப் பற்றியது அல்ல.

முன்னாள் சிப்பாய் எழுதியது:

ஈரானையும் அமெரிக்காவையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது. அங்கே பேச வேறு இடம் கிடையாது. அமெரிக்காவில் ஆயிரம் இடம் உண்டு. அந்த வேறுபாடு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

வைகைக்கரை அவர்கள் 2017 செப்டம்பர் 24ஐப் பற்றி எழுதியபோது ஒருவரை விட்டுவிட்டார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி முழுவதும் அன்று சுரங்கவழிக்குள்ளேயே இருப்பது என்று முடிவு செய்திருந்தது. ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பிய அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா மட்டும் வாசலுக்கு முன்வந்து நெஞ்சில் கைவைத்து நின்றார். மறுநாள் அவரே செய்தியாளர்கள் முன், தோழர்களைத் தனித்துவிட்டதற்காக வருந்துவதாகச் சொல்ல வேண்டி வந்தது. தன் நாட்டின் பண்ணுக்கு நின்றதற்காக ஒரு சிப்பாய் வருத்தம் தெரிவிக்கிறார்! எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற நெருக்குதல் எழுந்து நிற்பவர்கள் பக்கம் மட்டும்தான் இருந்தது என்று இனியும் சொல்வீர்களா?

எனக்கு ஒரு நேரடிக் கேள்வி இருக்கிறது. பண்ணுக்கு முன்போ பின்போ இவர்கள் மண்டியிட்டிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? நான் சொல்லியிருக்க மாட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

வில்லனுவேவாவைப் பற்றி ஐயா சொன்னது முழுக்கச் சரி. அது என் வாதத்துக்கு எதிரானதும் அல்ல. அணியின் ஒற்றுமை என்ற பெயரில் அவருடைய மனச்சான்றுக்கு இடமில்லாமல் போனது. லீகின் ஒற்றுமை என்ற பெயரில் கேப்பர்னிக்குக்கும் அதுவே நேர்ந்தது. பாயர் அன்று செய்தது போல, பக்கத்தில் நின்றுகொண்டே வேறு விதமாக நிற்கும் வழியை அந்த அணி யோசித்திருக்கலாம்.

நியூஜெர்சி வாசி எழுதியது:

முன்னாள் சிப்பாய் ஐயாவின் நேரடிக் கேள்விக்கு நடந்ததையே பதிலாகத் தரலாம், அது செய்துபார்க்கப்பட்டது. 2017 செப்டம்பர் 25 திங்கள் இரவு, அரிசோனாவில், டாலஸ் கௌபாய்ஸ் அணி தன் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்சையும் சேர்த்துக்கொண்டு, நாட்டுப்பண் தொடங்குமுன் மண்டியிட்டது. பிறகு எழுந்து, பண் ஒலித்த நேரம் முழுவதும் எல்லாரும் நின்றார்கள். அரங்கம் கூச்சலிட்டது, அவர்கள் முழங்காலில் இருந்த அந்தச் சில விநாடிகளில்.

2020 மே மாதம் மினியாபொலிசில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு போலீசாரால் கொல்லப்பட்ட பிறகு, வீரர்கள் சொன்னதைக் கேட்காமல் விட்டது தவறு என்று லீக் ஆணையர் ரோஜர் குடெல் ஒளிப்பதிவில் ஒப்புக்கொண்டார். கேப்பர்னிக்கின் பெயரை அதில் அவர் உச்சரிக்கவில்லை. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் செப்டம்பர் 10 அன்று கன்சாஸ் சிட்டியில். இரு அணிகளும் களத்தின் குறுக்கே கைகோத்து, சமத்துவத்துக்காக ஒரு கணம் மௌனமாக நின்றன. அப்போது எந்தப் பண்ணும் ஒலிக்கவில்லை, யாரும் மண்டியிடவும் இல்லை. கொரோனாவால் குறைக்கப்பட்ட அந்தச் சிறிய கூட்டத்திலும் ஒரு பகுதியினர் ஊளையிட்டார்கள்.

முன்னாள் சிப்பாய் எழுதியது:

கன்சாஸ் சிட்டியில் ஊளையிட்டவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். கொடிக்காக வருந்தியவர்கள் அவர்கள் அல்லர். மௌனமாக நிற்பவனைப் பார்த்துக் கத்துவது எந்தப் படையிலும் மரியாதை என்று கற்பிக்கப்படுவதில்லை. பண் ஒலிக்கும் நேரத்தைப் பற்றி என் கருத்து முன்பு எழுதியதே. நேட் பாயரின் அந்தத் திறந்த மடலை முழுதாகத் தமிழில் யாராவது இங்கே இட்டால் படிக்க விரும்புகிறேன்.